அமைச்சரிடம் சொல்வதை ஊரறியச் சொல்லட்டும்: சட்டங்களைப் பற்றிக் கம்பெனித் தலைவர்கள் பேசுவது குறித்து

கேரளத்தில், தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்து வடகரப்பதியிலிருந்து கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "பெரிய கம்பெனிகளின் தலைவர்கள், அரசு கொண்டுவரும் சட்டங்களை ஆதரித்தோ எதிர்த்தோ பொதுவெளியில் பேசுவது சரிதானா? நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயத்தில், யாரும் தேர்ந்தெடுக்காத முதலாளிக்கு என்ன வேலை?"

கேள்வியின் பின்பாதியில் இருக்கும் கோபம் நியாயமானது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும், கம்பெனிச் சட்டத்தையே தொழிலாகக் கொண்டு, பாலக்காட்டிலும் கோவையிலுமாகப் பல நிறுவனங்களின் இயக்குநர் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதியவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேசலாம், பல சமயங்களில் பேசியே ஆக வேண்டும். அமைச்சரின் அறையில் சொல்வதை ஊரறியவும் சொல்ல வேண்டும் என்பதுதான் நாம் அவர்களிடம் கேட்க வேண்டியது. வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று கேட்டால், நாம் கேட்கும் பேச்சு மட்டும்தான் நிற்கும். நம் காதுக்கு எட்டாத பேச்சு அப்படியே தொடரும்.

ஏனென்றால் சட்டம் இயற்றப்படும் இடத்தில் கம்பெனிகள் மௌனமாக இருந்த காலம் என்று ஒன்று கிடையாது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது. வேலை நேர வரம்புகளிலிருந்து ஒரு தொழிற்சாலைக்கோ ஒரு தொகுதித் தொழிற்சாலைகளுக்கோ விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அது அரசுக்குக் கொடுத்தது. எட்டு மணி நேர வேலை நாள் பன்னிரண்டாக நீள அது வழிவிடும் என்று தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில், 24ஆம் தேதி, மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இதில் என் மனத்தில் நின்றது வேறொன்று. முதலீடு செய்ய வரும் நிறுவனங்கள் வேலை நேரத்தில் நெகிழ்வை எதிர்பார்க்கின்றன என்பதே அரசுத் தரப்பின் விளக்கம். அப்படி எதிர்பார்த்த நிறுவனங்களின் தலைவர்கள் முன்வந்து, "ஆம், நாங்கள்தான் கேட்டோம், இன்ன காரணத்துக்காகக் கேட்டோம், கூடுதல் நேரத்துக்கு இவ்வளவு தருவோம்" என்று தொழிலாளர்களுக்கு எதிரே நின்று சொல்லவில்லை. அவர்களுடைய கோரிக்கை அமைச்சரின் வாய் வழியாக அவைக்கு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அதே வழியாகத் திரும்பிப் போனது. கேட்டவர் முகம் கடைசிவரை தெரியவில்லை. இந்த முகமில்லாத பேச்சுதான் மக்களாட்சிக்கு ஊறு செய்வது.

நம் நாட்டில் தொழிலதிபர்கள் வெளிப்படையாகப் பேசிய மரபு ஒன்றும் உண்டு என்பதை இளைஞர்கள் மறந்துவிடக் கூடாது. 1944இல், சுதந்திரத்துக்கு முன்பே, ஜே.ஆர்.டி. டாட்டா, ஜி.டி. பிர்லா, நம் கேரளத்தவரான ஜான் மத்தாய் உள்ளிட்ட எட்டுப் பேர், நாட்டின் பொருளாதாரம் எப்படித் திட்டமிடப்பட வேண்டும் என்று பெயர் போட்டுக் கையெழுத்திட்டு ஓர் அறிக்கையை வெளியிட்டார்கள். பம்பாய்த் திட்டம் என்று பெயர் பெற்ற அதை இடதுசாரிகளும் காந்தியவாதிகளும் கடுமையாக விமர்சித்தார்கள். விமர்சிக்க முடிந்ததற்குக் காரணம், அது அச்சில் இருந்தது. படித்துப் பார்த்து, இந்த வரியில் உங்கள் நலம் ஒளிந்திருக்கிறது என்று சுட்டிக்காட்ட முடிந்தது.

பேச்சின் மறுமுனையில் பணம் இருக்கிறது. 1957இல் டாட்டா இரும்பு எஃகு நிறுவனம், அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை அளிக்கும் வகையில் தன் அமைப்பு விதிகளைத் திருத்திக்கொள்ள பம்பாய் உயர் நீதிமன்றத்தை அணுகியபோது, தலைமை நீதிபதி எம்.சி. சாக்லா அனுமதியை மறுக்கவில்லை. ஆனால் கம்பெனிகளின் பணம் அரசியலில் நுழைவது இந்த நாட்டு மக்களாட்சியின் குரல்வளையையே நெரித்துவிடக்கூடும் என்று எச்சரித்து, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றும் எழுதினார். 1969இல் கம்பெனி நன்கொடை முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. 1985இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 182ஆவது பிரிவு, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது, எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று கணக்கில் காட்ட வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்த உச்சவரம்பையும், கட்சியின் பெயரைக் காட்டும் கட்டாயத்தையும் ஒருசேர நீக்கி, கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குப் பணம் தரும் தேர்தல் பத்திரத்துக்கு வழிவிட்டது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதையெல்லாம் செல்லாது என்று தீர்ப்பளித்த பிறகுதான், எந்த நிறுவனம் எவ்வளவுக்குப் பத்திரம் வாங்கியது என்ற பட்டியல் வெளியே வந்தது. ஒரு சட்டத்தைப் பற்றி மேடையில் ஒரு வரி பேசாத எத்தனையோ நிறுவனங்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் கோடிக்கணக்கான ரூபாயோடு இருந்தன. எனவே "கம்பெனி அரசியல் பேசக் கூடாது" என்று எவராவது சொல்லும்போது, பணம் கொடுப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்களா என்று கேளுங்கள். அமெரிக்காவில் 2021இல் செனட் குடியரசுக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல், நிறுவனத் தலைவர்கள் அரசியலில் தலையிடக் கூடாது என்று கண்டித்த கையோடு, தேர்தல் நன்கொடையைத் தாம் சொல்லவில்லை என்றும் விளக்கினார். பணம் வேண்டும், பேச்சு வேண்டாம் என்ற நிலைப்பாடு அங்கே மட்டும் உள்ளதல்ல.

இனி, பேசுவது யார் என்ற கேள்வி. ஒரு நிர்வாக இயக்குநர் குடிமகன் என்ற முறையில் எதைப் பற்றியும் பேசலாம். அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு அவருக்கும் உரியது. அவர் கம்பெனியின் பெயரால் பேசும்போது அது பங்குதாரர்களின் பெயராலும், ஓரளவு தொழிலாளர்களின் பெயராலும் பேசுவதாகிவிடுகிறது. நிறுவனத் தலைவர் பிறர் பணத்தைப் பராமரிப்பவர், லாபத்தைத் தவிர வேறு பொதுக் காரியத்துக்கு அவர் அந்தப் பணத்தையும் பெயரையும் செலவிட உரிமை இல்லை என்று 1970இல் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் வாதிட்டார். அந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் நம் நாட்டுச் சட்டம் அந்த இடத்தில் நிற்கவில்லை. கம்பெனிகள் சட்டத்தின் 166ஆவது பிரிவு, இயக்குநர் ஒருவர் கம்பெனியின் நலனோடு அதன் ஊழியர்கள், பங்குதாரர்கள், சமூகம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவற்றையும் மனத்தில் கொண்டு நல்லெண்ணத்துடன் நடக்க வேண்டும் என்கிறது. ஊழியரையும் ஊரையும் பாதிக்கும் ஒரு மசோதா வரும்போது, "எங்களுக்கு இதில் கருத்தில்லை" என்று ஒதுங்குவது அந்தப் பிரிவுக்குப் பொருந்துமா என்பது என் ஐயம். கருத்து இருக்க வேண்டும். அது குழுவில் விவாதிக்கப்பட்டு, குறிப்பில் பதிவாகி, வெளியே சொல்லப்பட வேண்டும். தலைவர் இரவில் கைப்பேசியில் தட்டிவிட்ட ஒரு வரி அடுத்த நாள் கம்பெனியின் கருத்தாக உலவுவதைத்தான் ஏற்க முடியாது.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு மிக நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டுக்கு வருகிறேன். 2019இல் ஆந்திரப் பிரதேசம், தொழிற்சாலை வேலைகளில் 75 சதவீதத்தை உள்ளூர்க்காரருக்கு ஒதுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. தடாவுக்கும் சத்தியவேடுக்கும் இடையிலுள்ள ஸ்ரீசிட்டிக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து வேலைக்குப் போகும் தமிழருக்கு அது சோற்றுப் பிரச்சினை. 2020இல் ஹரியாணாவும் அதே போன்ற சட்டத்தை இயற்றியது. பஞ்சாப்–ஹரியாணா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அதை ரத்து செய்தது. 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை, நிர்வாகப் பணிகளில் 50 சதவீதமும் மற்றப் பணிகளில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரருக்கு என்று ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் அளித்தது. அங்கே பிறந்து, 15 ஆண்டுகள் வசித்து, கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்தவரே உள்ளூர்க்காரர் என்பது அதன் வரையறை. உடனே பெங்களூரு தொழிலதிபர்கள் பெயர் சொல்லி எதிர்த்தார்கள். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காம் அறிக்கை விட்டது. இரண்டு நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த அளவுக்குக் குரல் ஆந்திரத்தில் எழவில்லை.

பெங்களூரு மருந்து நிறுவனமான பயோகானின் கிரண் மஜும்தார் ஷா அன்று சொன்னதை நான் கவனமாகப் படித்தேன். உள்ளூர்க்காரருக்கு வேலை தருவது நோக்கமாக இருக்கலாம், ஆனால் தொழில்நுட்பத்தில் நமக்குள்ள முன்னணி இடம் பாதிக்கப்படக் கூடாது, உயர்திறன் பணி நியமனங்களுக்கு விலக்கு வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். அவர் வெளிப்படையாகச் சொன்னதை நான் மதிக்கிறேன். வெளிப்படையாகச் சொன்னதால்தான் அதில் இல்லாதது எது என்றும் நமக்குத் தெரிந்தது. உயர்திறன் பெற்ற பொறியாளருக்கு விலக்குக் கேட்ட குரல், மாநில எல்லை தாண்டி வந்து லேத் ஓட்டுபவருக்கும், பேக்கிங் பிரிவில் நின்று வேலை பார்க்கும் பெண்ணுக்கும் கேட்கவில்லை. கம்பெனித் தலைவர்கள் தங்களுக்கு எளிதில் கிடைக்காதவர்களுக்காகப் பேசுகிறார்கள். எளிதில் கிடைப்பவர்களை விட்டுவிடுகிறார்கள். இது தீயெண்ணம் அல்ல, தொழிலின் இயல்பு. ஆகவே அவர்களின் பேச்சைத் தடுப்பதைவிட, அதை முழுதாகக் கேட்டு, விடுபட்ட இடத்தில் நம் குரலை வைப்பதே செய்ய வேண்டியது. இதே கோரிக்கை கர்நாடகச் சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவின் ஓர் அறையில் ரகசியமாக வைக்கப்பட்டிருந்தால், உயர்திறன் பணிகளுக்கு மட்டும் விலக்குத் தந்துவிட்டு மசோதா சட்டமாகியிருக்கலாம். நம்மவர் எதனால் வெளியேற்றப்பட்டோம் என்பதே தெரியாமல் வீடு திரும்பியிருப்பார்கள்.

இப்போது நம் பாலக்காட்டுச் சித்தூர்த் தாலூகாவுக்கே வருவோம். பிளாச்சிமடையைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு இங்கிருந்து ஒருவர் பதில் எழுத முடியாது. பெருமாட்டி ஊராட்சியில், தமிழக எல்லையை ஒட்டி, இந்துஸ்தான் கோக்கோ கோலா நிறுவனத்தின் ஆலை 2000இல் இயங்கத் தொடங்கியது. நம் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம். கேரளத்தில் இருந்துகொண்டே ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்று பார்த்திருக்கும் ஊர்கள் இவை. ஆலையைச் சுற்றியிருந்த குடியிருப்புகளில் எரவாளர், மலசர் பழங்குடியினரும் ஏழை விவசாயக் கூலிகளும் வாழ்ந்தார்கள். கிணற்று நீர்மட்டம் இறங்கியது, இருக்கும் தண்ணீரில் பருப்பு வேகவில்லை, குளித்தால் உடம்பெல்லாம் அரிக்கிறது என்று பெண்கள் முறையிட்டார்கள். ஆலைக் கழிவுச் சேறு உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 2003இல் பிபிசி வானொலி நடத்திய சோதனையில் அதில் காட்மியமும் ஈயமும் இருந்தது தெரியவந்தது. 2002 ஏப்ரலில் ஆலை வாசலுக்கு எதிரே ஓலைப் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களின் முன்னணியில் பழங்குடிப் பெண்ணான மயிலம்மா இருந்தார். 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்கள் சொத்து என்ற அடிப்படையில் தீர்ப்பளித்தார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. அதற்கு முன்பே, 2004 மார்ச்சில், ஆலை நின்றுபோயிருந்தது.

இந்தக் கேள்விக்கு நேராகப் பொருந்துவது அடுத்து நடந்தது. கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு, 2010இல், இழப்பு 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 2011 பிப்ரவரியில் கேரளச் சட்டமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவை நிறைவேற்றியது. அது குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்காக டெல்லிக்குப் போய், உள்துறை அமைச்சகத்தின் கோப்புகளுக்குள் நுழைந்தது. நிறுவனத்தின் ஆட்சேபங்களும் சட்ட வாதங்களும் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. ஒப்புதல் கிடைக்கவில்லை. 2017இல், பிளாச்சிமடையில் மீண்டும் உற்பத்தி தொடங்கும் எண்ணம் இல்லை என்று நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இழப்பீடு மட்டும் வந்து சேரவில்லை.

இதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று 2021இல் நடந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், அஞ்சல் வாக்கு முதலியவற்றுக்குப் புதிய கட்டுப்பாடுகள் விதிக்கும் தேர்தல் சட்டத்தை மார்ச் 25 அன்று இயற்றியது. கறுப்பின மக்களின் வாக்குரிமையை அது சுருக்கும் என்று உரிமை இயக்கங்கள் போராடின. அட்லாண்டாவில் தலைமையகம் கொண்ட பெரிய கம்பெனிகளைப் புறக்கணிக்கப் போவதாகவும் அழைப்புகள் வந்தன. மார்ச் 31 அன்று கோக்கோ கோலாவின் உலகத் தலைவர் ஜேம்ஸ் குவின்சி தொலைக்காட்சியில் தோன்றி, அந்தச் சட்டம் ஏற்க முடியாதது என்றார். அதே நாளில் டெல்டா விமான நிறுவனத் தலைவர் எட் பாஸ்டியனும் அப்படியே சொன்னார். சட்டம் கையெழுத்தாகி ஆறு நாள் கழித்து வந்த பேச்சு அது.

ஜார்ஜியா மக்களின் வாக்குரிமைக்காகப் பேசியதை நான் குறை சொல்லவில்லை, பேசியது நல்லதே. சட்டப்படி அட்லாண்டா கம்பெனியும் இந்தியத் துணைக் கம்பெனியும் வேறு வேறு என்பதும் எனக்குத் தெரியும். அந்த வேறுபாட்டை எழுதிக் காட்டுவதுதான் என் தொழிலே. பிளாச்சிமடை மசோதாவை எதிர்க்க நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு. 2005 தீர்ப்பு அதன் பக்கம் இருந்தது. குழுவின் மதிப்பீட்டை அறிவியல் அடிப்படையில் மறுக்கவும் செய்யலாம். ஆனால் ஜார்ஜியாவில் கேமராவுக்கு முன்னால் நின்ற அதே துணிவோடு, அந்த எதிர்ப்பைப் பெருமாட்டியிலோ கொழிஞ்சாம்பாறையிலோ ஒரு பொது மேடையில், தமிழும் மலையாளமும் பேசும் அந்தப் பெண்கள் கேள்வி கேட்கக்கூடிய இடத்தில், ஒரு தலைவர் வந்து சொல்லியிருக்க வேண்டும். உன் கிணற்றுக்கு நான் பொறுப்பில்லை என்று நீ நம்பினால், அந்தக் கிணற்றடியில் நின்று சொல். தொலைவில் உள்ள அநீதியைப் பற்றி உரக்கப் பேசுவதும், தன் மேல் பொறுப்பு விழும் சட்டத்தைப் பற்றிக் கோப்பு வழியாக மட்டும் பேசுவதும் ஒருசேர நடக்கும்போது, அந்த உரத்த பேச்சின் மேலும் நம்பிக்கை போய்விடுகிறது. ஒரு கம்பெனித் தலைவர் பேசத் தொடங்க வேண்டிய இடம், தன் ஆலை எந்தச் சட்டத்தால் நேரடியாகக் கட்டுப்படுமோ அந்தச் சட்டம்.

பேசினால் என்ன ஆகும் என்ற அச்சத்தையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது கற்பனை அச்சம் அல்ல. டெல்டா பேசிய அதே நாளில், விமான எரிபொருளுக்கு அதற்கிருந்த வரிச் சலுகையை நீக்க ஜார்ஜியாவின் கீழவை வாக்களித்தது. மேலவை எடுத்துக்கொள்ளாததால் அது சட்டமாகவில்லை. 2022இல் ஃபுளோரிடாவில், பள்ளியின் தொடக்க வகுப்புகளில் பாலின ஈர்ப்பு, பாலின அடையாளம் பற்றிய பாடங்களைத் தடுக்கும் சட்டத்தை டிஸ்னியின் அன்றைய தலைவர் பாப் சாப்பெக், முதலில் தயங்கிப் பிறகு ஊழியர்களின் நெருக்குதலால் எதிர்த்தார். 1967 முதல் டிஸ்னி நிலப்பகுதிக்கு இருந்த தனி நிர்வாக அமைப்பின் மேல் ஆளுநர் ரான் டிசான்டிஸின் அரசு கை வைத்தது. நம் நாட்டில் 2019 நவம்பர் 30 அன்று மும்பையில் நடந்த ஒரு விருது விழாவில், தொழிலதிபர் ராகுல் பஜாஜ், உங்களை விமர்சித்தால் நீங்கள் ஏற்பீர்கள் என்ற நம்பிக்கை எங்களுக்கு இல்லை என்ற பொருளில், மேடையிலிருந்த உள்துறை அமைச்சரிடம் நேருக்கு நேர் சொன்னார். யாரும் அஞ்சத் தேவையில்லை என்று அமைச்சர் பதிலளித்தார். பஜாஜ் சொன்னதில் உண்மை உண்டென்று தொழில் உலகில் பலர் தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டார்கள். மேடையேறிச் சொன்னவர்கள் மிகச் சிலர். சட்டத்தை விமர்சித்ததற்காக ஒரு நிறுவனத்தைத் தண்டிக்கும் அரசு, நாளை ஒரு ஊராட்சியையும் ஒரு தொழிற்சங்கத்தையும் அதே முறையில் தண்டிக்கும். முதலாளியின் பேச்சுரிமைக்காகத் தொழிலாளி கவலைப்பட வேண்டிய இடம் இது ஒன்றுதான். ஆனால் உண்மையாகவே கவலைப்பட வேண்டிய இடம்.

மௌனத்துக்கும் விலை உண்டு. 2020 வேளாண் சட்டங்களுக்கு எதிரான போராட்டத்தின்போது பஞ்சாபில் ரிலையன்ஸின் ஜியோ கைப்பேசிக் கோபுரங்கள் சேதப்படுத்தப்பட்ட பிறகுதான், 2021 ஜனவரி 4 அன்று ரிலையன்ஸ், ஒப்பந்த விவசாயத்தில் இறங்கும் எண்ணம் தங்களுக்கு இல்லை என்று அறிக்கை விட்டு நீதிமன்றத்தையும் அணுகியது. கோபுரங்களைச் சேதப்படுத்தியதை நான் நியாயப்படுத்தவில்லை. அந்த அறிக்கை மசோதா விவாதத்தில் இருந்தபோதே வந்திருந்தால், ரிலையன்ஸுக்காகவே சட்டம் வருகிறது என்ற வதந்திக்கு அவ்வளவு இடம் இருந்திருக்காது.

கருத்துக்கும் மிரட்டலுக்கும் உள்ள எல்லையில்தான் என் ஆதரவு நிற்கிறது. "இந்தச் சட்டம் தவறு, காரணம் இது" என்பது கருத்து. "நிறைவேற்றினால் ஆலையை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவேன்" என்பது, எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும், ஓட்டு இல்லாத ஒருவர் ஓட்டைவிடக் கனமான ஒன்றைத் தராசில் வைப்பது. 2016இல், திருநர்கள் பிறப்புச் சான்றிதழில் உள்ள பாலினப்படியே அரசுக் கட்டடக் கழிப்பறைகளைப் பயன்படுத்த வேண்டும் என்ற அமெரிக்காவின் வட கரோலினா மாநிலச் சட்டத்தை எதிர்த்து, இணையப் பணப்பரிமாற்ற நிறுவனமான பேபால் சார்லட் நகரில் 400 பேருக்கு வேலை தரவிருந்த மையத்தைக் கைவிட்டபோது, நல்ல நோக்கம் என்று பலர் பாராட்டினார்கள். நோக்கம் எனக்கும் உடன்பாடானது. முறையைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு, ஏனென்றால் அதே முறையைத்தான் நாளை குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை எதிர்ப்பவரும் கையில் எடுப்பார். கேரளத்திலேயே 2021இல் ஆடை தயாரிக்கும் கைடெக்ஸ் நிறுவனத்தின் சாபு ஜேக்கப், அடுத்தடுத்த ஆய்வுகளால் துன்புறுத்தப்படுவதாகச் சொல்லி 3,500 கோடி ரூபாய் முதலீட்டுத் திட்டத்தைக் கைவிட்டுத் தெலங்கானாவுக்குப் போனார். அவருடைய குறையைப் பகிரங்கமாகச் சொன்னது சரி. ஆனால் அந்த நிறுவனத்தின் ஆதரவோடு எழுந்த ட்வென்டி20 அமைப்பு, 2015இல் கிழக்கம்பலம் ஊராட்சியின் 19 வார்டுகளில் 17ஐ வென்று ஆட்சிக்கே வந்தது வேறு வகை. தொழிலும் உரிமம் தரும் ஊராட்சியும் ஒரே கையில் சேரும்போது, பெருமாட்டி ஊராட்சி 2003இல் செய்ததைச் செய்ய அங்கே யார் இருப்பார்கள்?

இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்த நம்மிடம் ஒரு கருவி அரைகுறையாக இருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள், 2022–23 நிதியாண்டு முதல், பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி வகுத்த வடிவத்தில் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையைத் தர வேண்டும். அதன் ஏழாவது கோட்பாடு, பொதுக் கொள்கையில் செல்வாக்குச் செலுத்தும் நிறுவனம் அதைப் பொறுப்போடும் வெளிப்படையாகவும் செய்ய வேண்டும் என்கிறது. அந்தப் பக்கத்தில் ஓர் அட்டவணை உண்டு: எந்தக் கொள்கைக்காக வாதிட்டீர்கள், எந்த வழியில் வாதிட்டீர்கள், அந்தத் தகவல் பொதுவெளியில் உள்ளதா, இயக்குநர் குழு எத்தனை காலத்துக்கு ஒரு முறை அதைப் பரிசீலிக்கிறது, இணையத்தில் எங்கே கிடைக்கும் என்று தனித்தனிக் கட்டங்கள். நாம் கேட்பது முழுவதும் அந்த ஐந்து கட்டங்களில் அடங்கிவிடுகிறது. ஆனால் அந்த அட்டவணை கட்டாயமல்ல, விரும்பினால் நிரப்பலாம். நான் பார்த்த பல ஆண்டறிக்கைகளில், உறுப்பினராக உள்ள தொழில் வர்த்தகச் சங்கங்களின் பெயர்களை மட்டும் எழுதிவிட்டு, சங்கங்களின் வழியாகக் கருத்துத் தெரிவிக்கிறோம் என்ற ஒரு வரியோடு கடந்துபோகிறார்கள். இதைவிடப் பெரிய ஓட்டை, பட்டியலிடப்படாத கம்பெனிகளுக்கு இந்த அறிக்கையே தேவையில்லை என்பது. பிளாச்சிமடை ஆலையை நடத்தியதைப் போன்ற வெளிநாட்டுத் துணைக் கம்பெனிகளும், ஸ்ரீசிட்டியில் வரிசையாக நிற்பவற்றில் பலவும் அந்த வகையைச் சேர்ந்தவை. அட்டவணையைக் கட்டாயமாக்கி, ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை வைத்திருக்கும் எல்லாக் கம்பெனிகளுக்கும் விரிப்பதே நான் முன்வைக்கும் திருத்தம். அரசுத் தரப்பிலும் ஒரு கடமை நிலுவையில் இருக்கிறது: மசோதா வரைவுகளைக் குறைந்தது 30 நாள் மக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையத்தில் வெளியிட வேண்டும் என்று 2014இல் ஒன்றிய அரசே வகுத்த நெறிமுறை பெரும்பாலும் ஏட்டளவில்தான் இருக்கிறது.

தம்பி, உங்கள் ஆலையிலிருந்தே தொடங்கலாம். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. தொழில் கூட்டமைப்புகள் வரவேற்றன. கேரள அரசு எதிர்த்தது. அவற்றுள் ஒன்று, அரசின் முன் அனுமதி இல்லாமல் ஆட்குறைப்புச் செய்யவோ ஆலையை மூடவோ இருந்த வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300ஆக உயர்த்துகிறது. உங்கள் நிர்வாகம் எந்தச் சங்கத்தில் உறுப்பினர், அந்த வரம்பைப் பற்றி அந்தச் சங்கத்திடமும் அரசிடமும் என்ன எழுதிக் கொடுத்தது என்று உங்கள் தொழிற்சங்கம் எழுத்தில் கேட்கட்டும். பதில் சொல்லச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கேட்க உங்களுக்குத் தடையும் இல்லை. விதிகளின் வரைவு வெளியாகி அரசு ஆட்சேபம் கோரும்போது, நிர்வாகத்தின் மனு போகும் அதே முகவரிக்கு உங்கள் மனுவும் போக வேண்டும். கேரள அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. வரைவு வாசகம் கிடைத்ததும் கொண்டுவாருங்கள்; எந்த விதிக்கு எந்த ஆட்சேபம் என்று வரிவரியாக எழுதித் தருகிறேன்.